12,000 ரூபாய் ஷாம்பெயின், நாலு சென்னைக் கோடை

போனஸ் பணத்தை எப்படிப் பிரிக்கிறதுன்னு போன மாசம் ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதைப் பார்த்துட்டு 27 வயசு தம்பி ஒருத்தர் மெயில் அனுப்பினார். "அண்ணா, எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கு, எஸ்.ஐ.பி. ஓடுது, கிரெடிட் கார்டு பாக்கி இல்லை. அடுத்த மாசம் ஆபீஸ் வேலையா பாரிஸ் போறேன். ஒரு டோம் பெரினியோன் வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. வாங்கினா வீணா? இல்ல, வச்சிருந்தா விலை ஏறும்னு சொல்றாங்களே, முதலீடுன்னு எடுத்துக்கலாமா?"

இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியலை. காரணம், இந்தப் பாட்டில் விஷயத்தில் நானே ஒரு தடவை நல்லா அடி வாங்கியிருக்கேன். அதை முதல்ல சொல்லிடுறேன்.

2018-ல் பாரிஸ் ஏர்போர்ட்டில் டோம் பெரினியோன் 2009 ஒரு பாட்டில் வாங்கினேன். 150 யூரோ, அன்றைய கணக்கில் சுமார் 12,000 ரூபாய். அதுவரைக்கும் ஒரு பாட்டிலுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் நான் கொடுத்ததே இல்லை. "பெரிய விஷயம் ஏதாவது நடக்கும்போது திறப்போம்" என்று முடிவு பண்ணி, துணியில் சுற்றி, சமையலறை லாஃப்ட்டில் வச்சேன். புரமோஷன் வந்தது. "இதுக்கா?" என்று தோணுச்சு. ஃப்ளாட் பதிவு ஆச்சு. அன்னைக்கு எல்லாருக்கும் அலைச்சல். குழந்தை பிறந்தது. அப்போ யாருக்கு நேரம்? இப்படியே 2022 வந்துருச்சு. கல்யாண நாளன்னைக்கு இறக்கித் திறந்தால், புஸ் என்ற சத்தமே இல்லை. கார்க் சுருங்கி, கையோடு வந்துருச்சு. உள்ளே இருந்தது ஆறிப்போன டீ நிறத்தில், வெட்டி வச்சுக் கறுத்த ஆப்பிள் வாசத்தோட. என் மனைவி ஒரு வாய் குடிச்சுட்டு, "இதுக்கா நாலு வருஷம் இந்த லாஃப்ட்டைத் தொடக்கூடாதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாங்க. பதில் இல்லை.

சென்னையில் நாலு மே மாசம், அடுப்புக்கு மேலே. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்னு இந்தச் சரக்கு எப்படி உருவாகுதுன்னு படிச்ச பிறகுதான் புரிஞ்சது.

பாட்டிலுக்குள்ளே நடக்கிறது என்ன?

ஷாம்பெயின் என்பது எல்லா நுரை ஒயினுக்கும் பொதுப் பெயர் இல்லை. பிரான்ஸில் பாரிஸுக்குக் கிழக்கே, ரெய்ம்ஸ், எபெர்னே ஊர்களைச் சுற்றியிருக்கிற ஷாம்பெயின் பகுதியில் விளைஞ்ச திராட்சையில், அங்கே வகுத்த விதிப்படி செய்தால்தான் அந்தப் பெயர். முக்கியமா மூணு திராட்சை: ஷார்டொனே, பினோ நுவார், மூனியே. கடைசி ரெண்டும் கறுப்புத் தோல் திராட்சை. மெதுவாகப் பிழிஞ்சு தோலை உடனே பிரிச்சுடறதால சாறு வெள்ளையா வருது.

முதலில் சாதாரண ஒயின் மாதிரி புளிக்க வைக்கிறாங்க. அப்புறம் பாட்டிலில் ஊத்தி, லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிடுவாங்க. மூடின பாட்டிலுக்குள்ளேயே ரெண்டாம் தடவை புளிக்குது. வர்ற வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினில் கரைஞ்சு நிற்குது. சுமார் 6 வளிமண்டல அழுத்தம். உங்க கார் டயரில் இருக்கிறதைவிட ரெண்டு மடங்குக்கு மேல். அந்தக் காலத்தில் கண்ணாடி பலவீனமா இருந்ததால் பாட்டில்கள் வெடிக்கும். பாதாள அறையில் வேலை செய்தவங்க முகத்துக்கு இரும்புக் கம்பி மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் போனாங்க.

வேலை முடிச்ச ஈஸ்ட் செத்து அடியில் படியும். அந்த வண்டலோடவே ஒயினைப் படுக்கப் போட்டு வைக்கிறாங்க. செத்த ஈஸ்ட் மெல்ல மெல்லச் சிதைஞ்சு ஒயினுக்குள் கலக்கிறதுதான் அந்த பேக்கரி வாசத்துக்கும் க்ரீம் மாதிரியான வழவழப்புக்கும் காரணம். விதிப்படி சாதாரண ஷாம்பெயினுக்கு மொத்தம் 15 மாசம் போதும். வருஷம் போட்ட விண்டேஜ் ஷாம்பெயினுக்குக் குறைஞ்சது 3 வருஷம். டோம் பெரினியோன் சுமார் 8 வருஷமோ அதுக்கு மேலேயோ வைக்கிறாங்க. அதே ஒயினை 15 வருஷத்துக்கு மேல் வண்டலோட வச்சு 'பி2' என்ற பெயரிலும் வெளியிடுறாங்க.

விண்டேஜ் என்றால் ஒரே வருஷத்து அறுவடை. சாதாரண ஷாம்பெயினில் பல வருஷத்து ஒயினைக் கலந்து, ஒவ்வொரு வருஷமும் ஒரே சுவை வர்ற மாதிரி பார்த்துக்குவாங்க. விண்டேஜில் அந்த வருஷத்து வானிலை அப்படியே தெரியும். 2003-ல் ஏப்ரல் பனி ஷார்டொனேயைக் கருக்கிச்சு, ஆகஸ்டில் ஐரோப்பா முழுக்க வெயில் கொளுத்திச்சு. டோம் பெரினியோன் 2003 கனமான, பழுத்த சுவை. 2008 குளிர்ச்சியான வருஷம், புளிப்பு கூர்மை. அதனால் 2009-ஐ முதலில் விற்பனைக்கு விட்டுட்டு, 2008-ஐ இன்னும் கொஞ்சம் தூங்க விட்டு அப்புறம்தான் எடுத்தாங்க. டோம் பெரினியோனில் வருஷம் போடாத பாட்டிலே கிடையாது. 2007, 2011 மாதிரி வருஷங்களில் அவங்க பாட்டிலே போடலை.

அந்தப் பெயர் பியேர் பெரினியோன் என்ற துறவியுடையது. 1668-லிருந்து ஓவிலே மடத்தில் ஒயின் கிடங்கைப் பார்த்துக்கிட்டவர், 1715-ல் இறந்தார். அவர்தான் ஷாம்பெயினைக் கண்டுபிடிச்சார், நட்சத்திரத்தைச் சுவைத்தேன்னு கத்தினார் என்பதெல்லாம் பிற்கால விளம்பரக் கதை. அவர் காலத்தில் நுரை வர்றது ஒரு குறை. அதைத் தவிர்க்கத்தான் அவர் பாடுபட்டார். சர்க்கரை சேர்த்தால் ஒயின் நுரைக்கும்னு கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர் லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதிக் கொடுத்தது 1662-ல். மொயெட் அண்ட் ஷாண்டோன் கம்பெனி 1921 அறுவடையை 1936-ல் இந்தத் துறவி பெயரில் விற்க ஆரம்பிச்சது. இன்னைக்கு அது எல்.வி.எம்.எச். குழுமத்தின் கையில். லூயி வித்தோன் பை விற்கிற அதே குழுமம்தான்.

என் தொழில் புத்தி சும்மா இருக்குமா?

விலை எங்கிருந்து வருதுன்னு ஒரு காஸ்ட் ஷீட் போட்டுப் பார்த்தேன். ஷாம்பெயின் விதிப்படி 4,000 கிலோ திராட்சையிலிருந்து 2,550 லிட்டர் சாறுதான் எடுக்கலாம். அதாவது 3,400 பாட்டில். பாட்டிலுக்குக் கிட்டத்தட்ட 1.2 கிலோ. அங்கே ஒரு கிலோ திராட்சை 6 யூரோவுக்கு மேல். ரொம்ப நல்ல தோட்டம்னு வச்சு 8 யூரோ போட்டாலும், ஒரு பாட்டிலில் திராட்சைச் செலவு 10 யூரோவைத் தாண்டலை.

அடுத்தது காத்திருப்பு. ஒரு பாட்டிலுக்கு எல்லாம் சேர்த்து 25 யூரோ முடங்குதுன்னு வச்சுக்குவோம். 6 சதவீத வட்டியில் 9 வருஷம் ஓட்டினால் 42 யூரோ ஆகுது. சி.ஏ. படிச்சவங்களுக்கு ஏ.எஸ். 16 ஞாபகம் வரும்: விற்கிற நிலைக்கு வர ரொம்ப நாள் பிடிக்கிற கையிருப்புக்குக் கடன் வட்டியையும் அடக்கவிலையில் சேர்க்கலாம். தேர்வுக்குப் படிக்கும்போது இதையெல்லாம் யார் நிஜத்தில் பண்றாங்கன்னு நினைச்சேன். எபெர்னே நிலத்தடியில் கிலோமீட்டர் கணக்கில் படுத்துக் கிடக்குது அந்தக் கையிருப்பு.

சரி, 42. இன்னைக்கு ஐரோப்பியக் கடையில் டோம் பெரினியோன் 200 யூரோவுக்கு மேல். என் 25 வெறும் ஊகம்தான், அதை இரட்டிப்பாக்கினால்கூட மிச்சம் பெரிசு. அது வரி, கடைக்காரர் லாபம், அதுக்கப்புறம் அந்தக் கேடய வடிவ லேபிள். லேபிளுக்குக் காசு கொடுக்கிறது பாவம்னு நான் சொல்லலை. கொடுக்கிறது லேபிளுக்குன்னு தெரிஞ்சு கொடுங்க. அதே மொயெட் கம்பெனியின் 'கிராண்ட் விண்டேஜ்' இதில் மூணில் ஒரு பங்கு விலைக்கே கிடைக்குது. சின்ன விவசாயிகள் தங்கள் தோட்டத்துத் திராட்சையில் தாங்களே போடுற பாட்டில்கள் அதுக்கும் கீழே. லேபிள் ஓரத்தில் சின்னதா 'ஆர்.எம்.' என்ற ரெண்டு எழுத்து இருந்தால் அது விவசாயியின் சொந்தப் பாட்டில்.

எப்படிக் குடிக்கணும்?

லாஃப்ட் சோகத்துக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, 2024-ல், ஒரு வேலை முடிஞ்சு எபெர்னே போற வாய்ப்பு கிடைச்சது. அங்கே ஒரு சின்ன ஒயின் பாரில் டோம் பெரினியோன் 2013 கிளாஸ் கணக்கில் கொடுத்தாங்க. ஒரு கிளாஸ் 38 யூரோ. பக்கத்திலேயே ஒரு விவசாயியின் சாதாரண ப்ரூட், 9 யூரோ. ரெண்டையும் வாங்கி வச்சுக்கிட்டு ஒண்ணரை மணி நேரம் உட்கார்ந்தேன்.

முதல் வாயில் எனக்குப் பிடிச்சது 9 யூரோ கிளாஸ்தான். உண்மையைச் சொல்லணுமில்ல? அது உடனே பேசுச்சு: எலுமிச்சை, பச்சை ஆப்பிள், உற்சாகமான நுரை. 38 யூரோ கிளாஸ் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தது. தீக்குச்சி உரசினதும் வர்ற மாதிரி ஒரு மெல்லிய புகை வாசம், அவ்வளவுதான். ஏமாந்துட்டோமேன்னு தோணுச்சு. பார்க்காரர் என் முகத்தைப் பார்த்துட்டு, தொடாமல் இருபது நிமிஷம் வைங்கன்னு சொன்னார். ஜில்லுன்னு இருந்தா வாசம் எழாது என்பதுதான் விஷயம். இந்த வகையை 10லிருந்து 12 டிகிரியில் குடிக்கணும். ஃப்ரிட்ஜில் இருந்து நேரா எடுத்தால் 4, 5 டிகிரி. 200 யூரோ சரக்கை அந்தக் குளிரில் குடிச்சால் சோடாவுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

இருபது நிமிஷம் கழிச்சு அதே கிளாஸ் வேற ஆளா இருந்தது. புகை விலகி, அதிகாலையில் பேக்கரி ஷட்டர் தூக்கினதும் வர்ற பன் வாசம். அடுத்து வறுத்த பாதாம். அதுக்கும் அடியில் எலுமிச்சைத் தோலைக் கீறினால் கையில் ஒட்டுற அந்தக் கசப்பு கலந்த வாசம். 2013 தாமதமா அறுவடையான குளிர் வருஷம். அந்தப் புளிப்பு கத்தி மாதிரி நேரா இறங்குச்சு. முழுங்கின பிறகு மனசுக்குள் விநாடி எண்ணினேன். 9 யூரோ கிளாஸின் சுவை அஞ்சாறு விநாடியில் போயிடுச்சு. இது இருபதைத் தாண்டியும் நாக்கின் ஓரத்தில் உப்பு மாதிரி ஒண்ணு மிச்சம் இருந்தது. நாலு மடங்கு விலைக்கு நாலு மடங்கு நேரம் என்று கணக்குப் போட்டேன். கணக்குப்பிள்ளை புத்தி.

நீங்க வீட்டில் குடிக்கிறதா இருந்தால் சில விஷயங்கள். உயரமான குறுகலான ஃப்ளூட் கிளாஸ் போட்டோவுக்கு நல்லா இருக்கும், மூக்குக்கு இடமில்லை. வயிறு அகலமா, வாய் கொஞ்சம் குறுகலா இருக்கிற சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸே மேல். அதில் பாதிக்கும் கீழேதான் ஊத்தணும். கிளாஸில் பாத்திரம் கழுவுற லிக்விட் துளி ஒட்டியிருந்தாலும் நுரை படுத்துடும். வெந்நீரில் அலசி நல்லா உலர்த்துங்க. ஒரு துணியால் துடைச்சால் அந்த நூல் துணுக்கு ரெண்டு ஒட்டிக்கும், கவலைப்படாதீங்க. குமிழி பெரும்பாலும் கிளம்புறதே அந்தத் துணுக்குகளில் இருந்துதான். ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே-பெலேர் என்ற இயற்பியலாளர் இதையே வாழ்நாள் ஆராய்ச்சியா வச்சிருக்கார். தொடாமல் வச்ச ஒரு கிளாஸிலிருந்து சுமார் 10 லட்சம் குமிழி எழும் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு குமிழியும் மேலே வெடிக்கும்போது நுண்ணிய துளிகளைத் தெறிக்குது, வாசம் அதில்தான் மூக்குக்கு வருது. அதனால குடிக்கிறதுக்கு முன்னாடி மூக்கை உள்ளே விடுங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க. சிரிச்சாலும் பரவாயில்லை.

குளிர வைக்க ஐஸ் மட்டும் போதாது. வாளியில் பாதி தண்ணி, பாதி ஐஸ், அரை மணி நேரம். திறக்கும்போது கம்பியைத் தளர்த்தினதிலிருந்து கட்டை விரல் கார்க் மேலேயே இருக்கணும். கார்க்கைப் பிடிச்சுக்கிட்டு பாட்டிலைத் திருப்புங்க. கிரிக்கெட் வீரர்கள் மாதிரி குலுக்கிப் பீய்ச்சணும்னா, அதுக்கு 800 ரூபாய் நுரை ஒயின் போதும். அந்த அழுத்தத்தில் வர்ற கார்க் கண்ணைப் பறிச்சுடும்.

கூடச் சாப்பிட? கேவியர் எல்லாம் வேண்டாம். உப்புத் தூவின உருளைக்கிழங்கு சிப்ஸ். எண்ணெய்யையும் உப்பையும் அந்தப் புளிப்பு அப்படியே துடைச்சு எடுக்கும். பதிலுக்கு கேக் வெட்டி வச்சீங்கன்னா போச்சு, இனிப்புக்குப் பக்கத்தில் எந்த ப்ரூட் ஷாம்பெயினும் புளிச்ச தண்ணி மாதிரிதான் தெரியும். பிறந்தநாளும் ஷாம்பெயினும் ஏன் சேர்ந்ததுன்னு எனக்கு இன்னும் விளங்கலை. ஒருவேளை பழைய பழக்கமா இருக்கலாம்: 19-ம் நூற்றாண்டு ஷாம்பெயின் பாகு மாதிரி இனிப்பு. 2010-ல் பால்டிக் கடலில் ஆலாண்ட் தீவுகள் பக்கத்தில் ஒரு பழைய கப்பலின் சிதைவிலிருந்து 168 பாட்டில் எடுத்தாங்க. அதில் லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை. இன்றைய ப்ரூட்டில் 12-க்கும் குறைவு.

அந்தக் கடலடிப் பாட்டில்கள் 170 வருஷம் தாங்கினது எப்படி? இருட்டு, மாறாத குளிர். நான் கொடுத்தது வெளிச்சம், 35 டிகிரிக்கு மேல் சூடு, கீழே குக்கர் ஆவி. அவங்க 8 வருஷம் பாதாளச் சுண்ணாம்பு அறையில் பொத்திப் பொத்தி வளர்த்ததை நான் நாலு கோடையில் வேக வச்சுட்டேன்.

முதலீடா எடுத்துக்கலாமா?

எடுத்துக்காதீங்க. அந்தச் சந்தை ஒண்ணும் பொய் இல்லை. லண்டனில் லிவ்-எக்ஸ் என்ற ஒயின் பரிவர்த்தனை மையம் 2000-லிருந்து இயங்குது. ஷாம்பெயினுக்குத் தனி விலைக் குறியீடே வச்சிருக்காங்க. 2021, 2022-ல் அது பறந்தப்போதான் "ஷேர் மார்க்கெட்டை மிஞ்சிய ஷாம்பெயின்" மாதிரி தலைப்பெல்லாம் வந்தது. 2022 கடைசியில் உச்சம் தொட்டு, அடுத்த ரெண்டு வருஷமும் இறங்குச்சு. தலைப்புப் போட்டவங்க அதைச் சொல்ல வரலை.

அந்த விலையும் குளிரூட்டின சுங்கக் கிடங்கில் பெட்டியைப் பிரிக்காமல் இருக்கிற சரக்குக்குத்தான். உங்க வீட்டுப் பீரோவில் இருக்கிற பாட்டிலுக்கு அங்கே விலையே கிடையாது. இங்கே விற்கணும்னா லைசென்ஸ் வேணும். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003-லிருந்து டாஸ்மாக் கையில். நீங்க தனி ஆளா ஒரு பாட்டிலை லாபத்துக்கு வித்தால் அது முதலீடு இல்லை, குற்றம். வெளிநாட்டுக் கிடங்கிலேயே வாங்கி வச்சா? கிடங்கு வாடகை, இன்ஷூரன்ஸ், விற்கும்போது கமிஷன். அதுக்கப்புறம் உங்க ஐ.டி.ஆரில் வெளிநாட்டுச் சொத்து ஷெட்யூல் எஃப்.ஏ.வில் காட்டணும். பிரிட்டனில் ஒயினை 'தேயும் சொத்து'ன்னு சொல்லிப் பெரும்பாலும் மூலதன ஆதாய வரி விலக்கு கொடுப்பாங்க. அதை வச்சுத்தான் அங்கே ஏஜென்ட்டுங்க பேசுவாங்க. நீங்க இந்தியாவில் வசிக்கிறவர். உலகத்தில் எங்கே ஆதாயம் வந்தாலும் இங்கே வரி உண்டு. 24 மாசத்துக்கு மேல் வச்சிருந்து வித்தால் 12.5 சதவீதம். எல்லாம் கழிச்சுப் பார்த்தால் உங்க இண்டெக்ஸ் ஃபண்டை விட்டு இதுக்குப் போக எனக்கு ஒரு காரணமும் தெரியலை.

குடிக்க வாங்குறதா இருந்தால் கணக்கு வேற, அது எளிமை. 750 மில்லி பாட்டிலில் ஆறு கிளாஸ். 240 யூரோ கொடுத்து ஆறு பேர் பகிர்ந்தால் தலைக்கு 40 யூரோ. வெளிநாட்டிலிருந்து வரும்போது 2 லிட்டர் வரைக்கும் மது கொண்டு வரலாம், அதன் மதிப்பு உங்க பொதுவான பேகேஜ் சலுகைக்குள் அடங்கணும். ரெண்டு பாட்டில் ஒண்ணரை லிட்டர், மூணாவது வரம்பைத் தாண்டிடும். வழியில் ஃப்ளைட் மாறுறீங்கன்னா டியூட்டி ஃப்ரீயில் கொடுத்த சீல் பையை வீடு வர்ற வரைக்கும் பிரிக்காதீங்க. இங்கே ஸ்டார் ஹோட்டலில் இதே பாட்டிலை வாங்கிப் பார்க்கலாம்னு நினைச்சா, இறக்குமதி ஒயினுக்குச் சுங்கவரி பல வருஷமா 150 சதவீதமா இருந்தது. 2021 பட்ஜெட்டில் அதை 50 அடிப்படை வரி, 100 வேளாண் செஸ்னு பிரிச்சாங்க, கூட்டினால் அதே 150. அதுக்கு மேல் மாநில வரி, ஹோட்டல் லாபம். அந்த பில்லை இ.எம்.ஐ. ஆக மாத்துறேன்னு சொன்ன ஒரு பையனை எனக்குத் தெரியும். மூணு மணி நேர பார்ட்டி, பன்னிரண்டு தவணை.

(குடிக்காதவங்க இதைப் படிச்சுட்டு ஆரம்பிக்க வேண்டாம். எல்லா ரசனைக்கும் இதே கணக்கு பொருந்தும், அதுக்காக மட்டும் படிங்க.)

தம்பிக்கு நான் எழுதின பதில் இதுதான்: டோம் பெரினியோன் ஒண்ணு, விவசாயி ஷாம்பெயின் ஒண்ணு வாங்குங்க. வந்த ரெண்டு வாரத்துக்குள் திறக்கணும், அதுவரைக்கும் ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டில் படுக்க வைங்க. ஆறு பேரைக் கூப்பிட்டு, ரெண்டு பாட்டிலுக்கும் சாக்ஸ் மாட்டி, எது எதுன்னு சொல்லாமல் ஊத்துங்க. விலை தெரியாமல் எதை ரெண்டாவது கிளாஸ் கேட்கிறாங்கன்னு எழுதி வைங்க. அதைப் பார்த்துட்டு அடுத்த போனஸுக்கு முடிவு பண்ணலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை போட்டோ அனுப்பியிருந்தார். மேஜையில் சாக்ஸ் போட்ட ரெண்டு பாட்டில், ஒரு பெரிய பாக்கெட் சிப்ஸ், அஞ்சு ஒயின் கிளாஸ், ஆறாவதுக்கு எவர்சில்வர் டம்ளர். முடிவு நாலுக்கு ரெண்டாம். ஜெயிச்சது எதுன்னு சொல்லலை, அடுத்த லைவில் நேரா வந்து சொல்றேன்னு எழுதியிருக்கார்.